சிறிய தொலைக்காட்சியில் வசந்தம்: ஆண்டெனா, மின்சாரம், ஹெட்ஃபோன் இணைப்பு

ஈசூன் மருமகள்:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் என் மாமியாரும் என் மகளும் ஒரே அறையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். மகளுக்கு இந்த ஆண்டு சாதாரண நிலைத் (ஓ லெவல்) தேர்வு. அவள் புத்தகத்தோடு உட்காரும் நேரமும் அத்தைக்குத் தமிழ் ஒளிவழியான வசந்தத்தில் நாடகம் தொடங்கும் நேரமும் ஒன்றாக இருப்பதாலும், முழங்கால் வலியால் அத்தை வரவேற்பறையில் நெடுநேரம் உட்கார முடியாததாலும், கட்டிலிலிருந்தே பார்க்கும்படி 12 அங்குலச் சிறிய தொலைக்காட்சி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். காந்த அடிப்பாகம் கொண்ட கம்பி ஆண்டெனா, 12 வோல்ட் அடாப்டர், உள்ளேயே பேட்டரி என எல்லாம் பெட்டியில் வந்தன.

படுக்கையறையில் ஒளிவழிகளைத் தேடவிட்டால் ஒன்றும் அகப்படவில்லை. வரவேற்பறைச் சன்னல் அருகே வசந்தமும் மலாய் ஒளிவழியான சூரியாவும் கிடைத்தன. ஆனால் படம் அவ்வப்போது கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுவிடுகிறது. கம்பியை முழு நீளத்துக்கு இழுத்துவைத்தும் பயனில்லை. அடாப்டரின் செருகி இரண்டு உருளை முனைகள் கொண்டது. அதை எப்போதும் மின்சாரத்திலேயே விட்டுவைக்கலாமா, பவர்பேங்க் போதுமா என்றும் தெரியவில்லை. அத்தைக்கு வலக்காது சற்று மந்தம் என்பதால் எந்த வகை ஹெட்ஃபோன் பொருந்தும் என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கம்பியில்லாக் காலம்:

இரண்டு ஒளிவழிகள் கிடைத்திருப்பதால் கருவி டிவிபி-டி2 முறையை ஏற்கிறது என்பது உறுதி. சிங்கப்பூரில் அனலாக் ஒளிபரப்பு 2018ஆம் ஆண்டு முடிவோடு நிறுத்தப்பட்டு, இப்போது எல்லாம் இந்த மின்னிலக்க முறையில்தான் வருகின்றன. அமெரிக்காவுக்கோ ஜப்பானுக்கோ தயாரான சிறிய தொலைக்காட்சிகளும் இணையத்தில் மலிவாக விற்கப்படுகின்றன; அவற்றை எந்தச் சன்னலில் வைத்தாலும் இங்கே படம் வராது. நீங்கள் அந்த வலையில் விழவில்லை.

கம்பியின் நீளத்தைப் பற்றி ஒரு விளக்கம். பழைய வானொலிப் பழக்கத்தால் கம்பி நீள நீள நல்லது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இங்குள்ள ஒளிபரப்பு யுஎச்எஃப் அலைவரிசையில் வருகிறது. 550 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 54 சென்டிமீட்டர். காந்தத்தின்மேல் நிற்கும் ஒற்றைக் கம்பி அதில் கால் பங்கு, அதாவது 13 அல்லது 14 சென்டிமீட்டர் இருந்தாலே போதும். ஆகவே முழுவதும் இழுத்த கம்பியை அந்த அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். இந்த வகை ஆண்டெனாவுக்கு அடியில் ஓர் உலோகப் பரப்பு இருப்பதும் அவசியம். மரமேசையில் வைத்தால் திறன் குறையும். பிஸ்கட் டின்னின் மூடியைக் கவிழ்த்து அதன் நடுவில் ஒட்டவைத்தால் வேறுபாட்டை நீங்களே காண்பீர்கள்.

அடுத்தது இடம். உங்கள் படுக்கையறைச் சுவருக்கு அப்பால் பாம் ஷெல்டர் என்று நாம் சொல்லும் பாதுகாப்பு அறை இருக்கிறதா? அதன் தடித்த கான்கிரீட்டும் இரும்புக் கதவும் அலைகளை நன்றாகவே மறைக்கும். சன்னலின் இரும்புக் கிராதியும் ஓரளவு தடுக்கும் என்பதால், ஆண்டெனாவைக் கிராதியோடு ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி வையுங்கள். முதன்மை ஒளிபரப்புக் கோபுரம் புக்கிட் பாத்தோக்கில் இருக்கிறது. ஈசூனிலிருந்து பார்த்தால் அது தென்மேற்குத் திசை. அந்தப் பக்கம் பார்த்த சன்னல் எந்த அறையில் இருந்தாலும் ஆண்டெனா அங்கே இருக்கட்டும், தொலைக்காட்சி கட்டிலருகே இருக்கட்டும். இடையே ஐந்து மீட்டர் கோஆக்சியல் நீட்டிப்புக் கம்பி போட்டுக்கொள்ளலாம். கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடப்பதைவிட இது எளிது.

தொலைக்காட்சியின் அமைப்புப் பட்டியலில் நாட்டின் பெயர் கேட்கும் இடத்தில் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறுபடி தேடுங்கள். பட்டியலில் சிக்னலின் வலிமை, தரம் என்று இரண்டு கோடுகள் காட்டும். வலிமைக் கோடு உயர்ந்தும் தரக் கோடு தாழ்ந்தும் இருந்தால் படம் உடையத்தான் செய்யும். தரக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஆண்டெனாவை விரற்கடை விரற்கடையாக நகர்த்துங்கள், பிறகு கம்பியைப் படுக்கைவசமாகச் சாய்த்தும் பாருங்கள்.

தெம்பனீஸ்வாசி:

இவ்வளவு சிரமம் எதற்கு? ஒரு டேப்லட்டில் மீவாட்ச் செயலியைப் போட்டுக் கொடுத்தால் வசந்தத்தை நேரலையாகவே பார்த்துவிடலாமே.

ஈசூன் மருமகள்:

அதையும் யோசித்தோம். ஆனால் அத்தைக்குத் தொடுதிரை பிடிபடவில்லை. விரல் பட்டால் வேறெங்கோ போய்விடுகிறது என்று குறைப்படுகிறார். ரிமோட்டில் பொத்தான் அழுத்திப் பழகிய கை அது.

பழைய மின்பணியாளர்:

மின்சாரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். இரண்டு உருளை முனை கொண்ட அடாப்டரை மலிவு மாற்றுச் செருகி வைத்து நம் மூன்றுமுனைத் துளையில் மாட்டி, முதியவர் படுக்கும் கட்டிலுக்கு அருகே இரவெல்லாம் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரை பெற்ற 12 வோல்ட் அடாப்டர் ஒன்றைத் தனியே வாங்கிவிடுங்கள். வோல்ட் அளவு பழையதோடு அச்சாகப் பொருந்த வேண்டும். ஆம்பியர் குறையக் கூடாது, கூடினால் குற்றமில்லை, 1.5 ஆம்பியர் கேட்கும் கருவிக்கு 2 ஆம்பியர் அடாப்டர் தாராளமாகப் பொருந்தும். முனையின் பருமனையும், நடுவில் நேர்மின் என்று காட்டும் சிறு படக்குறியையும் பழைய அடாப்டரின் ஒட்டுத்தாளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளிருக்கும் பேட்டரியை நம்பி நாடகம் முழுவதும் பார்க்க முடியுமா என்பதற்கு ஒட்டுத்தாளிலேயே விடை இருக்கிறது. 7.4 வோல்ட், 1,500 மில்லி ஆம்பியர் மணி என்று இருந்தால் அது ஏறக்குறைய 11 வாட் மணி. இந்த அளவுத் திரை 8 முதல் 10 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடும், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். பவர்பேங்க் வாங்குவதாக இருந்தால் 12 வோல்ட் வெளியீடு உண்டு என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண யுஎஸ்பி துளை தரும் 5 வோல்ட் போதாது, டைப்-சி வேக மின்னேற்றம் உள்ளவற்றிலும் பல 9 வோல்டிலிருந்து நேரே 15 வோல்டுக்குத் தாவிவிடும். ஒரே அறையில் பார்ப்பதற்குப் பவர்பேங்க் தேவையே இல்லை என்பது என் கருத்து. பார்க்கும்போது அடாப்டரில் ஓடட்டும், முடிந்ததும் சுவர்ச் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஓயாமல் மின்னேற்றத்திலேயே சூடாகக் கிடக்கும் லித்தியம் பேட்டரி நாளடைவில் உப்பிவிடும். பின்மூடி சற்றே எழும்பியதுபோல் தெரிந்தால் அதோடு பயன்படுத்துவதை நிறுத்திவிட வேண்டும்.

மலிவான யுஎஸ்பி மின்னேற்றிகளும் சில எல்இடி விளக்குகளும் ஆண்டெனாவுக்குப் பக்கத்தில் இருந்தால் படத்தைக் கெடுக்கும். மகளின் மேசைவிளக்கை அணைத்தால் தரக் கோடு ஏறுகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

செவிச்செல்வம்:

ஹெட்ஃபோன் குறித்து: இத்தகைய கருவிகளின் விளிம்பில் ஒரே அளவிலான 3.5 மில்லிமீட்டர் துளைகள் இரண்டு இருப்பது வழக்கம். ஒன்று ஹெட்ஃபோனுக்கு, மற்றது வெளிக்கருவியிலிருந்து படமும் ஒலியும் உள்ளே வர. எழுத்து பொடிப்பொடியாக இருப்பதால் பலர் மாற்றிச் செருகிவிட்டு ஒலி வரவில்லை என்கிறார்கள். சரியான துளையில் செருகியதும் கருவியின் ஒலிபெருக்கி தானாக அடங்கிவிடும். உங்கள் மகளுக்கு அதுதானே வேண்டும்.

புளூடூத் வகையை உங்கள் அத்தைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சாதாரண புளூடூத்தில் ஒலி நொடியில் பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு பிந்தி வரும். உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளும், செவித்திறன் குறைந்தவர்களுக்கு அந்தத் தாமதமே பெரிய இடைஞ்சல். கம்பி உள்ள, காதை இறுக மூடாத, பஞ்சு வைத்த ஹெட்ஃபோனும் மூன்று மீட்டர் நீட்டிப்புக் கம்பியும் போதும். இரண்டு காதிலும் ஒலி விழட்டும். மந்தமான காதை அறவே விட்டுவிட வேண்டாம். கம்பி காலில் சிக்கும் என்று அஞ்சினால், தொலைக்காட்சிக்கென்றே விற்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் கம்பியில்லா ஹெட்ஃபோன்களில் இந்தத் தாமதம் பெரும்பாலும் தெரியாது.

வலக்காது மந்தம் என்று வாங்கும்போதே ஒலியைக் கூட்டிவைத்துவிடுவது நம் வீடுகளில் நடப்பதுதான். வயதுவந்தோருக்கு 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதே உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, அதைவிடக் கூட்டினால் நேரத்தைக் குறைக்க வேண்டும். அவர் செவிக்கருவி அணிபவர் என்றால் அதில் டெலிகாயில் (காந்த அலை வழியே ஒலியை ஏற்கும் கம்பிச்சுருள்) வசதி இருக்கிறதா என்று செவித்திறன் நிபுணரிடம் கேளுங்கள். இருந்தால், கழுத்தில் மாலைபோல் அணியும் கம்பி வளையம் ஒன்றை இதே 3.5 மில்லிமீட்டர் துளையில் செருகி, செவிக்கருவிக்கே ஒலியை நேரடியாக அனுப்பலாம்.

ஈசூன் மருமகள்:

அனைவருக்கும் மிக்க நன்றி. டின் மூடி, குறைத்த கம்பி, சமையலறைப் பின்சன்னல் என்று வைத்ததும் வசந்தமும் மற்ற ஒளிவழிகளும் நிலையாக வருகின்றன. அங்கிருந்து கட்டில்வரை நீட்டிப்புக் கம்பி போட வேண்டும். இனி ஒரே ஐயம்: பட்டியலில் ‘ஆண்டெனா மின்சாரம் 5 வோல்ட்’ என்று ஒன்று அணைந்த நிலையில் இருக்கிறது. அதை இயக்கினால் இன்னும் தெளிவாக வருமா?

கம்பியில்லாக் காலம்:

வேண்டாம், அணைந்தபடியே இருக்கட்டும். பெருக்கி உள்ள ஆண்டெனாவுக்குத்தான் அந்த மின்சாரம். உங்களுடையது வெறும் கம்பி. அதற்கு மின்சாரம் கொடுத்தால் பயனேதும் இல்லை, சில ஆண்டெனாக்களின் உள்ளமைப்பால் குறுக்குச்சுற்று ஏற்படவும் கூடும். நீட்டிப்புக் கம்பி வாங்கும்போது உங்கள் ஆண்டெனாவைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். இந்தச் சிறிய தொலைக்காட்சிகளில் வீட்டுத் தொலைக்காட்சியின் பெரிய முனை இல்லாமல் பொடி முனை இருப்பதும் உண்டு, அதற்கு இடையில் ஒரு மாற்றி வேண்டியிருக்கும்.