பெயிண்ட் குடோனுக்கு ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக்: எத்தனை வேணும், எந்த கேஜ், எப்படி மாட்டுறது?

வண்ணக்கடை

வணக்கம். கடைக்குப் பின்னாடி தரைத்தளத்துல 20 அடிக்கு 12 அடி ரூம். கூரை 11 அடி, செங்கல் சுவர், சிமென்ட் தரை. கதவு 12 அடிச் சுவர் நடுவுல இருக்கு. வைக்க வேண்டிய சரக்கு: 20 லிட்டர் எமல்ஷன் பக்கெட் 70, 4 லிட்டர் டப்பா 400, 1 லிட்டர் டப்பா 800, 40 கிலோ புட்டி மூட்டை 40. இதோட பிரஷ், ரோலர், ஸ்டெய்னர் (நிறம் கலக்குற திரவம்) மாதிரி சில்லறைச் சாமான்.

ரேக் விக்கிறவர் 20 ரேக் போடணும்னு கொட்டேஷன் குடுத்திருக்கார். ரெண்டு நீளச் சுவர்லயும் ஆறு ஆறு, நடுவுல முதுகோட முதுகு ஒட்டி நாலு நாலு. உயரம் 8 அடி, தட்டு 3 அடிக்கு 18 இஞ்ச், 22 கேஜ் (தகட்டோட தடிமன் எண், எண் கூடக்கூடத் தகடு மெல்லிசு). காலா நிக்கிற, வரிசையாத் துளை போட்ட L வடிவ ஆங்கிள் 16 கேஜ். "ஒரு தட்டு 100 கிலோ தாங்கும்"னு சொல்றார்.

அடித்தட்டை ரெண்டரை அடி உயரத்துல மாட்டிட்டு, கீழ காலியா இருக்கிற இடத்துல பக்கெட்டை அடுக்கலாமான்னு ஒரு யோசனை. இது சரியா வருமா? மாட்டுற வேலையை நாங்களே பார்த்துக்கலாம்னு இருக்கோம். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சுமைக்கணக்கு

ரேக் விற்பவர் சுவரை அளந்து எண்ணிக்கை போட்டிருக்கிறார். சரக்கை எண்ணித்தான் போட வேண்டும். எண்ணிப் பார்த்தால் உங்களுக்கு 8 ரேக் போதும்.

4 லிட்டர் டப்பாவின் குறுக்களவு ஏறக்குறைய 18 செ.மீ. 3 அடிக்கு 18 இஞ்ச் தட்டில் அகலவாக்கில் 5, ஆழத்தில் 2, ஆக 10 டப்பா. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு வைத்தால் 20. உங்கள் 400 டப்பாவுக்கு 20 தட்டு. 1 லிட்டர் டப்பா 11 செ.மீ. குறுக்களவு என்றால் 8 × 4 = 32, இரண்டு அடுக்கில் 64. 800-க்கு 13 தட்டு.

இனி உயரம். 4 லிட்டர் இரண்டு அடுக்கு சுமார் 40 செ.மீ., கை நுழைய 7 செ.மீ. சேர்த்தால் தட்டுக்குத் தட்டு 19 இஞ்ச். தரையிலிருந்து 4 இஞ்சில் முதல் தட்டு, அதன்மேல் 23, 42, 61, 80. ஆகவே 7 அடி ஆங்கிளில் 5 தட்டு. 80 இஞ்சில் இருப்பது தலைக்கு மேலே போய்விடும், அதில் ரோலர், பிரஷ் மட்டும் வையுங்கள். கனச் சரக்குக்கு 4 தட்டு, அப்படியானால் 5 ரேக். 1 லிட்டருக்கு 13 இஞ்ச் இடைவெளி போதும்: 4, 17, 30, 43, 56, 69, 82 என்று 7 தட்டு, அதில் சரக்குக்கு 6. 3 ரேக் போட்டால் 18 தட்டு வரும், 13 போக மிச்சம் 5. ஸ்டெய்னரும் அரை லிட்டர் டப்பாக்களும் அதில் அடங்கிவிடும். 8 அடி உயரம் உங்களுக்குத் தேவையே இல்லை. உயரம் கூடக்கூட ஏணி வேண்டும், ஏணி வந்தால் டப்பா விழும்.

இடது சுவரில் 6 ரேக், ஏறத்தாழ 18 அடி. வலது சுவரில் 2 ரேக், 6 அடி. வலதில் மிச்சமுள்ள 14 அடியில் மரப் பேலட் (தாழ்வான பலகை மேடை) போட்டு பக்கெட்டை இரண்டு வரிசை, மூன்று அடுக்காக வைத்தால் 84 பிடிக்கும், உங்களிடம் இருப்பது 70. மூன்றுக்கு மேல் அடுக்கினால் அடிப் பக்கெட்டின் மூடி அமுங்கி விளிம்பில் கசியும். புட்டி மூட்டைகள் கதவுக்கு எதிர்ச் சுவரோரம், அதுவும் பேலட் மேல்தான். சுவரைத் தொட்டால் ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும். நடுவில் 8 அடி வெறுமையாக இருக்கும், தள்ளுவண்டி தாராளமாகத் திரும்பும். அவர் சொன்ன அமைப்பில், சுவரோரம் 2 இஞ்ச் விட்டால், நடைபாதை 2 அடி 10 இஞ்ச்தான் வரும்.

எடை: 4 லிட்டர் எமல்ஷன் டப்பா 6 கிலோ என்று வையுங்கள். ஒரு தட்டுக்கு 120 கிலோ. அவர் சொல்லும் 100 கிலோவை இதுவே தாண்டிவிட்டது. அந்த 100 கிலோவும் தட்டு முழுக்கப் பரவலாக வைத்தால் மட்டும்தான். அதே எடையை நடுவில் குவித்தால் வளைக்கும் விசை இரண்டு மடங்காகும். 4 லிட்டர் ரேக்குக்கு 18 கேஜ் தட்டு வாங்குங்கள், அடியில் நீளவாக்கில் தட்டு வளையாமல் தாங்க ஒரு சேனல் (மடித்த இரும்புப் பட்டை) வைத்ததாக. 1 லிட்டர் தட்டில் ஏறக்குறைய 96 கிலோ வரும், அதற்கும் 18 கேஜே நல்லது. சரக்கு ஏற்றியபின் தட்டின் நடுப்பகுதி நாலரை மி.மீ.க்கு மேல் தொங்கினால் சுமை அதிகம் என்று அர்த்தம். நீளத்தில் 200-ல் ஒரு பங்கு என்பதுதான் பொதுவான வரம்பு.

ஒரு ரேக்கில் மொத்தம் 500 முதல் 600 கிலோ, காலுக்கு 150 வரை. 40 × 40 மி.மீ. ஆங்கிள் 14 கேஜில் எடுங்கள்.

ஃபிட்டிங்மேஸ்திரி

சார் போட்ட கணக்கு சரி. வாங்கும்போது ஏமாறாம இருக்கிறதுக்குச் சில விஷயம் சொல்றேன்.

14 கேஜ்னா 2 மி.மீ., 16 கேஜ் 1.6, 18 கேஜ் 1.2, 20 கேஜ் 0.9, 22 கேஜ் 0.7. தடிமன் அளக்கிற வெர்னியர் எடுத்துட்டுப் போங்க. பவுடர் கோட்டிங் மேலயே வெச்சு அளந்தா ரெண்டு பக்கமும் சேர்த்து 0.1 மி.மீ.க்கு மேல கூடக் காட்டும், அதனால பெயிண்டைக் கொஞ்சம் சுரண்டிட்டு அளங்க. தட்டைத் தராசுல வெச்சாலே தெரிஞ்சிடும். 3 அடிக்கு 18 இஞ்ச் தட்டு, சேனல் இல்லாம, 18 கேஜ்னா நாலரை கிலோவுக்கு மேல நிக்கும். 20 கேஜ் மூணரை பக்கம். 3 கிலோவுக்குக் கீழ இருந்தா அது 22 கேஜ்தான், பில்லுல என்ன எழுதியிருந்தாலும்.

8 ரேக்குக்குச் சாமான்: 7 அடி ஆங்கிள் 32. தட்டு 46, அதாவது அஞ்சு ரேக்குக்கு 25, மூணு ரேக்குக்கு 21. கார்னர் பிளேட் (மூலையில காலையும் தட்டையும் இறுக்கிப் பிடிக்கிற தகடு) ரேக்குக்கு 16 வீதம் 128, மேல் தட்டுலயும் அடித்தட்டுலயும் ஒவ்வொரு மூலைக்கும் ரெண்டு முகத்துலயும் போடணும். எம்8 × 16 போல்ட் நட்டு: தட்டுக்கு 8, பிளேட்டுக்குக் கூடுதலா 2, மொத்தம் 624. 650-ஆ வாங்கிடுங்க, கீழ உருண்டு போறது போகட்டும். காலுக்கு அடியில வைக்க பேஸ் பிளேட் (இரும்புத் தகடு) 32. பிளாஸ்டிக் ஷூ டைல்ஸ் தரையில கீறல் விழாம இருக்கத்தான், இந்த எடைக்கு அது பிளந்துடும். 13-ம் நம்பர் ஸ்பானர் ரெண்டு, ரசமட்டம், தூக்குக்குண்டு.

மாட்டுற முறை. டேப் வெச்சு உயரம் குறிக்காதீங்க, துளையை எண்ணுங்க. நாலு ஆங்கிளையும் பக்கத்துல பக்கத்துல படுக்க வெச்சு, அடிமுனையை ஒண்ணாச் சேர்த்து, எத்தனையாவது துளையில தட்டு வரணுமோ அங்க சாக்பீஸ்ல நாலுலயும் ஒரே கோடு இழுத்துடுங்க. முன்னாடி இதையும் பாருங்க: ஆங்கிளை ஆலையில வெட்டும்போது அடிமுனையிலிருந்து முதல் துளை வரைக்கும் இருக்கிற தூரம் எல்லாத்துலயும் ஒண்ணா இருக்காது. ஒண்ணுல அரைத் துளை மாறினாலும் தட்டு ஒரு பக்கம் சாய்ஞ்சுதான் உக்காரும்.

ரெண்டு ஆங்கிளைத் தரையில படுக்க வெச்சு, ஆங்கிளோட திறந்த பக்கம் உள்ள பார்க்கிற மாதிரி, அடித்தட்டையும் மேல் தட்டையும் மாட்டுங்க. அடுத்த ரெண்டு ஆங்கிளை மேல வெச்சு மாட்டுங்க. கார்னர் பிளேட்டையும் இப்பவே போட்டுடணும். எல்லா நட்டும் கையால திருகின அளவுக்குத்தான், ஸ்பானரைத் தொடாதீங்க. ரெண்டு பேர் தூக்கி நிறுத்தி, முன் முகத்துலயும் பின் முகத்துலயும் மூலைக்கு மூலை குறுக்க அளங்க. ரெண்டு குறுக்களவுக்கும் வித்தியாசம் 5 மி.மீ.க்குள்ள வந்தப்புறம் அடித்தட்டை இறுக்குங்க, அடுத்து மேல் தட்டு. மிச்சத் தட்டைக் கீழிருந்து மேலா ஏத்துங்க. முதல்லயே இறுக்கிட்டா ரேக் முறுக்கிக்கிட்டு நிக்கும், நடுத் தட்டோட கடைசித் துளை ஒத்து வராது. அப்ப எல்லாரும் சுத்தியலை எடுப்பாங்க. அடிச்சு ஏத்தின போல்ட் துளையைக் கிழிச்சிடும், சரக்கு ஏறினதும் அந்த மூலைதான் முதல்ல இறங்கும்.

தரை மேடு பள்ளமா இருந்தா பேஸ் பிளேட்டுக்கு அடியில தகடு குடுங்க. அட்டை, பிளைவுட் துண்டு வைக்காதீங்க, ஆறு மாசத்துல நசுங்கிடும்.

தூணும்தட்டும்

கீழே ரெண்டரை அடி காலியாக விடும் யோசனையைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. அதைச் செய்யாதீர்கள்.

ரேக்கின் காலைத் தட்டுகள்தான் பிடித்து நிறுத்துகின்றன. இரண்டு தட்டுக்கு நடுவில் பிடிப்பில்லாத நீளம் கூடினால் கால் வளையத் தொடங்கும். மெலிந்த காலில் அந்த நீளம் இரட்டிப்பானால் தாங்கும் எடை கால்வாசிக்கு இறங்கிவிடும். மொத்தப் பாரமும் வந்து சேரும் இடம் அடிப்பகுதி. அங்கேயே பிடிப்பை எடுத்துவிட்டு, 30 கிலோ பக்கெட்டையும் உள்ளே வெளியே இழுத்தால் ஒருநாள் அது காலில் மோதும். ஆங்கிள் ஒரு இடத்தில் ஒடுங்கினால் அதன் பலம் போயிற்று, நிமிர்த்தி வைத்தாலும் திரும்ப வராது.

இதே காரணத்தால்தான் பின்னாளில் உயரமான சாமான் வைக்க என்று நடுத் தட்டு ஒன்றைக் கழற்றுவதும் ஆபத்து. கழற்றியே தீர வேண்டுமென்றால் அந்த மட்டத்தில் முன்னும் பின்னும் பக்கங்களிலும் ஆங்கிள் துண்டு போட்டு போல்ட் செய்யுங்கள், தட்டு இருந்த இடத்தில் பிடிப்பு இருக்கும்.

இன்னொன்று சாய்வு. 7 அடி உயரம், ஒன்றரை அடி ஆழம். ஆழத்தைப் போல நாலு மடங்குக்கு மேல் உயரம் போனால் ரேக்கைத் தனியாக நிற்க விடுவதில்லை. ஆறு ரேக்கையும் பக்கத்துக்குப் பக்கம் மேலே, நடுவே, கீழே போல்ட் போட்டு ஒரே வரிசையாக்குங்கள். முதல் ரேக்கிலும் கடைசி ரேக்கிலும் முதுகுப்பக்கம் 25 × 3 மி.மீ. பட்டை இரண்டை பெருக்கல் குறிபோலக் குறுக்கே கட்டுங்கள். வரிசை பக்கவாட்டில் ஆடுவது அதில் நின்றுவிடும், கார்னர் பிளேட் மட்டும் போதாது. வலது சுவரின் இரண்டு ரேக்கும் சின்ன வரிசை, அதனால் இரண்டிலும் பட்டை போடுங்கள்.

சுவருக்கும் ரேக்குக்கும் 2 இஞ்ச் விட்டு, மேல் தட்டு மட்டத்தில் ஆங்கிள் துண்டால் சுவரோடு பிணையுங்கள். 10 மி.மீ. ஆங்கர் (சுவருக்குள் இறுகிப் பிடிக்கும் போல்ட்) போதும். பூச்சு ஒன்று முதல் 2 செ.மீ. வரை இருக்கும், அது பிடிப்பாகாது. பூச்சைத் தாண்டி செங்கல்லுக்குள் 5 செ.மீ. போக வேண்டும். துளையிடும்போது வரும் தூளைப் பாருங்கள்: சிவப்பாக வந்தால் செங்கல், சாம்பலாகவே வந்துகொண்டிருந்தால் கலவை இணைப்பில் இறங்குகிறீர்கள். இடத்தை மாற்றுங்கள்.

தின்னர், டர்பன்டைன் டப்பாக்கள் அடித்தட்டில், ஜன்னலுக்கு அருகில். ஸ்விட்ச் போர்டு இருக்கும் பக்கம் வேண்டவே வேண்டாம்.

வண்ணக்கடை

ரொம்ப நன்றிங்க. 8 ரேக்னு புதுக் கொட்டேஷன் கேட்டிருக்கேன். ரெண்டு சந்தேகம். 7 அடி ஆங்கிள் ஸ்டாக் இல்ல, 10 அடியில வெட்டித் தரேன்கிறார். அப்புறம், சரக்கை எந்த வரிசையில ஏத்தணும்?

ஃபிட்டிங்மேஸ்திரி

வெட்டலாம், மீதி 3 அடித் துண்டை வாங்காம விடாதீங்க. சுவரோட பிணைக்கவும், வரிசை சேர்க்கவும் அதான் உதவும். துளை நடுவுல வெட்டாம, ரெண்டு துளைக்கு நடுவுல இருக்கிற முழுத் தகட்டுல வெட்டச் சொல்லுங்க, எல்லா ஆங்கிள்லயும் ஒரே இடத்துல. வெட்டின முனையில பிசிறை அரத்தால தேய்ச்சு, ஜிங்க் பிரைமர் ரெண்டு கோட்டு அடிங்க. அந்த முனையை மேல் பக்கம் வைங்க, தரையில தண்ணி பட்டாலும் துரு ஏறாது.

ரேக்கைச் சுவரோட பிணைச்சப்புறம்தான் சரக்கை ஏத்தணும். அடித்தட்டு முழுசா நிறைஞ்ச பிறகு அடுத்தது. இறக்கும்போது மேலிருந்து. எல்லாம் ஏத்தி ஒரு வாரம் கழிச்சு ஸ்பானரோட ஒரு சுத்து வாங்க, பாரம் உக்காந்ததும் அடித்தட்டு நட்டுல கால் சுத்து, அரை சுத்து இளகியிருக்கும்.