செங்கம் பக்கம் தொலைநோக்கி அறை, இயக்குவது சென்னையிலிருந்து: முதலில் எதில் பணம் போடலாம்?

வேளச்சேரி மாடி:
வணக்கம் நண்பர்களே. மூன்று வருடமாக மொட்டை மாடியில் 8 அங்குலத் தொலைநோக்கி வைத்துப் படமெடுக்கிறேன். ஓரையன் நெபுலா தவிர உருப்படியாக எதுவும் தேறவில்லை, வானம் ராத்திரி முழுக்க வெளுத்தே கிடக்கிறது. பொங்கலுக்குச் செங்கம் பக்கம் அம்மாவின் ஊருக்குப் போனபோது கிணற்று மேட்டில் படுத்துப் பார்த்தேன், தென்னை மட்டைகளுக்கு நடுவே அகத்திய நட்சத்திரம் விளக்கு மாதிரி எரிகிறது. மாமா அங்கேயே 2 சென்ட் இடம் தருகிறேன் என்கிறார். தண்டவாளத்தில் நகரும் தகரக் கூரை போட்டு, இங்கிருந்தே இயக்க ஆசை. ஃபைபர் இணைப்பு இருக்கிறது. மாதம் ஒருமுறைதான் நேரில் போக முடியும். புது கேமராவா, கட்டடமா, எது முதலில்?

ஏலகிரி அடிவாரம்:
கூரைதான் தம்பி, சந்தேகமே வேண்டாம். போன மார்ச்சில் ராத்திரி 2 மணிக்குத் திடீர் மழை, மழை உணரி சொல்லியும் என் கூரை அசையவில்லை. மறுநாள் ஓடிப்போய்ப் பார்த்தால், கூரை முழுதாக மூடியதும் அழுந்தி அதைக் கன்ட்ரோலருக்குச் சொல்லும் லிமிட் ஸ்விட்ச்சின் நாக்குக்குப் பின்னால் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குளவிக் கூடு, மண்ணால் கட்டியது. நாக்கு அழுந்தியே இருந்ததால் கூரை ஏற்கெனவே மூடியிருக்கிறது என்று கன்ட்ரோலர் எடுத்துக்கொண்டுவிட்டது, கண்ணாடி வரை தண்ணீர். இப்போது இரண்டு ஸ்விட்ச், இரண்டுக்கும் மூடி, உள்ளே ஒரு கேமராவும் உண்டு.

மழை வந்தால் மூடும் முடிவை அந்த இடத்திலேயே இருக்கும் கன்ட்ரோலர் எடுக்க வேண்டும், இணையமோ லேப்டாப்போ உயிரோடு இருக்கிறதா என்று அது பார்க்கவே கூடாது. தொலைநோக்கி எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் இடிக்காத உயரத்தில் கூரையை வையுங்கள். அப்புறம் சுவர். தென்வானத்து நட்சத்திரக் கொத்தான ஒமேகா சென்டாரி நம்மூரில் உச்சத்துக்கு வந்தாலும் அடிவானத்திலிருந்து 30 டிகிரிதான், துருவ நட்சத்திரமோ 12 டிகிரி. தெற்கிலும் வடக்கிலும் சுவரைத் தாழ்வாகவே எழுப்புங்கள். காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறதே, அது உங்களுக்குப் பக்கத்து மலைதான், தென்வானம் நன்றாகத் தெரிகிற இடம்.

அம்பத்தூர் வயரிங்:
தோட்டத்து இலவச மோட்டார் சர்வீஸிலிருந்து கரண்ட் எடுத்துவிடாதீர்கள் சார், விதிப்படி கூடாது. தனி சர்வீஸ் வாங்குங்கள். எர்த் நன்றாக இருக்க வேண்டும், இடி மின்னலுக்கு சர்ஜ் புரொடெக்டர் கட்டாயம். கூரை மோட்டாருக்கு மட்டும் தனி 12 வோல்ட் பேட்டரி வைத்தால் கரண்ட் போனாலும் மூடிவிடும்.

இரவு ரயில்:
லடாக்கில் இருக்கும் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் 2 மீட்டர் தொலைநோக்கியை பெங்களூரு பக்கம் ஹொசகோட்டையில் உட்கார்ந்து செயற்கைக்கோள் வழியாகவே இயக்குகிறார்கள், அதனால் தூரத்துக்குப் பயப்படாதீர்கள். படங்களை மட்டும் உடனுக்குடன் இழுக்க வேண்டாம். 26 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ஃபிரேமே 52 எம்பி, நூறு எடுத்தால் 5 ஜிபி தாண்டும். அங்கேயே சேமித்துப் பகலில் இறக்குங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் எல்லாவற்றையும் கழற்றி சிலிக்கா ஜெல்லோடு பெட்டியில் வைத்துவிடுவது நல்லது, லென்ஸில் பூஞ்சை பிடித்தால் போகாது. ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நமக்கு அறுவடை.

வேளச்சேரி மாடி:
ரொம்ப நன்றி அண்ணா, எல்லாருக்கும். சரி, கேமரா அடுத்த வருடம். தென்னை சரியாகத் தெற்கே நிற்கிறது, வெட்டச் சொல்ல மனம் வரவில்லை. அறையைக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளிக் கட்ட முடியுமா என்று நாளை மாமாவிடம் கேட்கிறேன்.