பழைய போர் விமானங்கள்: உயிரைக் குடிப்பது வயதா, கவனிப்பின்மையா?

கடற்காற்று:
இந்திய விமானப்படையின் மிக்-21 போர் விமானங்களுக்கு 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடை கொடுத்தார்கள். 1963-ல் வந்த விமானம், 1971 போரில் அது செய்ததை யாரும் மறுக்க முடியாது, மரியாதை கொடுத்தது சரிதான். ஆனால் 2012-ல் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் அந்தோணி மாநிலங்களவையில் கொடுத்த கணக்கையும் சேர்த்துப் பேச வேண்டும். வாங்கிய 872 மிக் ரக விமானங்களில் 482 அதுவரை விபத்துக்குள்ளாகியிருந்தன. 171 விமானிகள், 39 பொதுமக்கள், மற்றப் படைப்பிரிவினர் 8 பேர் இறந்திருந்தார்கள். இது போரில் நடந்த சாவு இல்லை.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். சீருடை போடுகிறவர் எதிரி கையால் சாகலாம் என்று தெரிந்துதான் போடுகிறார். துருப்பிடித்த ஒரு பாகத்தால் சாக அவர் எங்கும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆயுள் முடிந்த விமானத்துக்கு இன்னும் சில வருடம் என்று நீட்டிப்பு கொடுக்கிறவர் ஒருவர், அதில் ஏறி உட்காருகிறவர் வேறொருவர். இதை அபாயமான வேலை என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

வான்வழி:
கணக்கு சரி, அதிலிருந்து நீங்கள் எடுக்கிற முடிவுதான் சரியில்லை. கிட்டத்தட்ட ஐம்பது வருடத்துக்கான எண்ணிக்கை அது. அந்த ஐம்பது வருடத்தில் அந்த விமானங்கள் எத்தனை லட்சம் மணி நேரம் பறந்தன என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மிக்-21 ஒற்றை எஞ்சின் விமானம், மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் தரையிறங்கும். அதைப் புது விமானிகள் கையில் கொடுத்தோம், நடுவில் பழக ஒரு நல்ல பயிற்சி ஜெட் இல்லாமல். அப்படி ஒன்று வேண்டும் என்று விமானப்படை விபத்துகளை ஆராய்ந்த லா ஃபான்டெய்ன் குழு 1982-லேயே சொல்லிவிட்டது, ஹாக் பயிற்சி ஜெட் வந்து சேர்ந்தது 2008-ல். அந்த இருபத்தாறு வருடத் தாமதம் எடுத்த உயிர்களை விமானத்தின் வயது மேல் எழுதிவிடாதீர்கள்.

வயதுதான் காரணம் என்றால் அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானம் எப்போதோ விழுந்து முடிந்திருக்க வேண்டும். கடைசி பி-52 தொழிற்சாலையை விட்டு வந்தது 1962-ல். 2050 வரை பறக்கவிடத் திட்டம் வைத்திருக்கிறார்கள்.

தேன்மொழி:
பயிற்சி, எஞ்சின், வயது எல்லாம் பேசுங்கள், கீழே இருக்கிறவர்களையும் கொஞ்சம் பேசுங்கள். 2023 மே 8 அன்று ராஜஸ்தானில் ஹனுமான்கர் பக்கம் பஹ்லோல்நகரில் ஒரு மிக்-21 வீட்டின் மேல் விழுந்தது. விமானி குதித்துத் தப்பித்தார், நல்லது. ஊரில் மூன்று பெண்கள் இறந்துபோனார்கள். அவர்கள் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை, எந்த அபாயத்துக்கும் சம்பளம் வாங்கவில்லை.

நட்டுபோல்ட்:
தரைப் பணியில், ஏர்ஃப்ரேம் (விமானத்தின் உடற்கூடு) பக்கம், பல வருடம் இருந்தவன். எங்கே என்பது வேண்டாம். கடற்காற்று சொல்வதும் வான்வழி சொல்வதும் ஹேங்கருக்குள் ஒரே விஷயம்தான் என்பதால் எழுதுகிறேன்.

விமானம் வயதாவது வெளியே தெரியாது, பெயின்ட் புதிதாகத்தான் இருக்கும். இறக்கையின் அடியில் ஒரு பேனலைத் திறந்தால் தெரியும். வயர் கட்டைக் கையால் லேசாக வளைத்தாலே மேலுறை பொடிப்பொடியாக உதிரும். ரப்பர் சீல் கல் மாதிரி இறுகியிருக்கும். எரிபொருள் கசிவுக்கு ஒரு அளவு உண்டு, நிமிடத்துக்கு இத்தனை சொட்டு வரை போகலாம், அதற்கு மேல் போனால் பறக்கக் கூடாது. டார்ச்சும் வாட்சும் வைத்துக்கொண்டு சொட்டை எண்ணுவோம். அளவுக்குள் இருந்தால் குறித்து வைத்துவிட்டு அனுப்புவது. புது விமானத்தில் அப்படிக் குறித்தது ஒன்றோ இரண்டோ இருக்கும். பழையதில் பக்கம் நிறைய இருக்கும், ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அளவுக்குள்தான், எல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது.

அப்புறம் ஸ்பேர். தயாரித்த தொழிற்சாலையே மூடிப்போயிருக்கும். அதனால் ஒரு விமானத்தைப் பறக்கவிடாமல் ஹேங்கரில் நிறுத்தி, அதிலிருந்து கழற்றி மற்றதில் மாட்டுவது. ஹேங்கர் குயின் என்போம். ஒரு பம்ப் மாற்ற இரண்டு முறை கழற்ற வேண்டும், இரண்டு முறை மாட்ட வேண்டும், ஆள் மட்டும் அதே ஆள்தான். ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் பக்கத்தில் இருக்கிற கனெக்டர் அடி வாங்கும். காலையில் சார்ட்டி, அதாவது பறக்க வேண்டிய முறை, இருக்கிறது, ராத்திரி இரண்டு மணிக்கு மேலே இருந்து ஒருவர் வந்து "ஆகுமா, ஆகாதா?" என்று கேட்பார். விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான ஃபார்ம் 700-ல் போடுகிற கையெழுத்து என்னுடையது. விழுந்தால் முதலில் சீல் வைத்து எடுத்துப்போவதும் அந்த ஃபார்மைத்தான்.

வான்வழி:
நட்டுபோல்ட் அண்ணே, நீங்கள் சொன்னது அத்தனையும் என் கட்சிக்குத்தான் சாட்சி. ஸ்பேர் இல்லை, ஆள் இல்லை, நேரம் இல்லை. மூன்றையும் கொடுத்தால் அறுபது வயது விமானமும் பத்திரமாகப் பறக்கும், கொடுக்காவிட்டால் பத்து வயது விமானமும் விழும். 2007 நவம்பரில் அமெரிக்காவில் ஓர் எஃப்-15 போர் விமானம் நடுவானில் இரண்டாக உடைந்ததே, அதில் உடைந்த லாஞ்சரான் என்கிற தாங்கு சட்டம் தயாரிக்கும்போதே விதித்த தடிமனை விடக் குறைவாக இருந்தது. அதை வயதுக் கோளாறு என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று, பழையதை எல்லாம் நாளைக்கே நிறுத்து என்பவர்கள் அடுத்த நாளை யோசிப்பதில்லை. மாற்று விமானம் கையில் இல்லாமல் நிறுத்தினால் விமானிகளின் பறக்கும் நேரம் குறையும். பழக்கம் விட்டுப்போன விமானி புது விமானத்தில் ஏறினாலும் ஆபத்துதான்.

கடற்காற்று:
அந்த எஃப்-15-ல் தொழிற்சாலைக் குறை இருந்தது உண்மை. ஆனால் அது முதல் நாளே உடையவில்லை. வருடக்கணக்கில் பறந்து பறந்து விரிசல் வளர்ந்துதான் உடைந்தது. வயது செய்வது இதைத்தான், முதலிலிருந்து இருக்கிற சின்னக் குறையைக் கொலைகாரனாக்கும்.

பிரிட்டனின் நிம்ராட் எக்ஸ்வி230 என்ற கண்காணிப்பு விமானம் பற்றிப் படித்துப் பாருங்கள். 2006 செப்டம்பர் 2, ஆப்கானிஸ்தானில் காந்தஹார் பக்கம், 14 பேர். நடுவானில் எரிபொருள் நிரப்பிக்கொண்ட கொஞ்ச நேரத்தில் தீ எச்சரிக்கை வந்தது, சுமார் ஆறு நிமிடத்தில் விமானம் வெடித்தது. கசிந்த எரிபொருள் சூடான காற்று போகிற ஒரு குழாயைத் தொட்டிருக்கிறது. எரிபொருள் வந்து தேங்கக்கூடிய இடத்தில் தீப்பிடிக்கும் அளவு சூடான குழாய், அதன் காப்புறையில் இடைவெளி. இது ஒரே நாளில் வந்ததில்லை. ஆரம்ப வடிவமைப்பில் ஒரு குழாய், 1970-களின் கடைசியில் இன்னொன்று சேர்த்தார்கள், ஃபாக்லாந்து போர் அவசரத்தில் நடுவானில் நிரப்பும் வசதியைச் சேர்த்தார்கள். இப்படி அடுக்கடுக்காகச் சேர்த்ததை மொத்தமாக வைத்து ஒழுங்காகப் பார்க்கவில்லை. பார்க்க வாய்ப்பும் இருந்தது. விபத்துக்கு முன்னாலேயே பாதுகாப்பு மதிப்பீடு ஒன்று நடந்தது, அதைச் செய்தவர்களோ இத்தனை வருடம் பறந்துவிட்டது, பத்திரமாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த விபத்தை ஆராய்ந்த வழக்கறிஞர் ஹேடன்-கேவ் 2009 அறிக்கையில் இதைத்தான் கிழித்துப்போட்டார். வெறும் கடமைக்குச் செய்த வேலை என்று பெயர் சொல்லியே எழுதினார்.

வான்வழி, பி-52 இத்தனை வருடம் பறக்கிறதே என்று நீங்கள் சொல்வதும் அதே எண்ணம்தான். நேற்று வரை விழவில்லை என்பது நாளைக்கு உத்தரவாதம் ஆகாது.

வான்வழி:
பி-52-ஐ வெறும் நம்பிக்கையில் பறக்கவிடவில்லை, எஞ்சின் மாற்றுகிறார்கள், உள்ளே பிரித்துப் பார்க்கிறார்கள், பணம் கொட்டுகிறார்கள். நிம்ராடில் தவறியது அதுதான். என் வாதம் இன்னும் அப்படியே நிற்கிறது.

விமானி தவறையும் யாரும் தொடுவதில்லை. 2018 மே 2, அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் சவானாவில் விழுந்த டபிள்யூசி-130. ஐம்பது வயது தாண்டிய விமானம், அரிசோனாவில் ஓய்வு கொடுத்து நிறுத்துவதற்காகக் கொண்டுபோன கடைசிப் பயணம். போர்ட்டோ ரிக்கோ படையினர் 9 பேர் இறந்தார்கள். பழைய விமானம் பழிவாங்கிவிட்டது என்று எல்லோரும் எழுதினார்கள். விசாரணை என்ன சொன்னது? ஓர் எஞ்சின் போன பிறகு விமானிகள் கையாண்ட விதம்தான் கட்டுப்பாட்டை இழக்க வைத்தது என்று.

நட்டுபோல்ட்:
அதே விசாரணை, அந்த எஞ்சினில் இருந்த கோளாறைத் தரைப் பணியாளர்கள் சரியாகக் கண்டுபிடித்துப் பழுது பார்க்கவில்லை என்றும் சொன்னது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எஞ்சின் போகாமல் இருந்திருந்தால் அந்த விமானி தவறு செய்ய வேண்டிய நிலையே வந்திருக்காது. செத்தவன் மேல் பழி போடுவது எளிது, அவன் திரும்பப் பேச மாட்டான்.

தேன்மொழி:
ஆமாம். பழி போகட்டும், காத்திருப்பு என்று ஒன்று இருக்கிறது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 சரக்கு விமானம், அதில் 29 பேர். வங்கக் கடலில் சிதைவுகளைக் கண்டுபிடித்துச் சொன்னது 2024 ஜனவரியில், சுமார் 3400 மீட்டர் ஆழத்தில். காரணம் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், ஏழரை வருடம் அந்த வீடுகளில் திதி கொடுப்பதா வேண்டாமா என்றுகூட முடிவு செய்ய முடியாமல் இருந்திருப்பார்கள். எந்த விபத்துக் கணக்கிலும் இதற்கு ஒரு கட்டம் இல்லை.

உயிர் பிழைத்தவர்கள் கதையும் உண்டு. 2005-ல் மிக்-21 விபத்தில் காயப்பட்டு, அதன் பிறகு போர் விமானம் ஓட்ட முடியாமல் போன ஒரு விமானி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தயாரிப்பில் குறை இருந்தது, இயல்பான அபாயத்தைத் தாண்டி அவரை அபாயத்தில் தள்ளியது தவறு என்று 2017-ல் தீர்ப்பு வந்து 55 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். பாதுகாப்பான வேலைச் சூழல் படைவீரருக்கும் உரிமைதான் என்று ஒரு நீதிமன்றம் சொல்லப் பன்னிரண்டு வருடம்.

வான்வழி:
அந்தத் தீர்ப்பை நானும் வரவேற்கிறேன். சரி, என்னதான் செய்ய வேண்டும் என்கிறீர்கள்?

கடற்காற்று:
இரண்டு. ஆயுள் நீட்டிப்பு உத்தரவு ஒவ்வொன்றிலும் எத்தனை ஆள், எத்தனை வருடத்துக்கு ஸ்பேர், எந்த பேனல்களைத் திறந்து பார்த்தோம் என்று எழுதி, அதிகாரி பெயரோடு கையெழுத்துப் போட வேண்டும். எழுத முடியாவிட்டால் நீட்டிப்பு இல்லை. இரண்டாவது, விசாரணை அறிக்கைகளைப் பொதுவில் வைக்க வேண்டும்.

வான்வழி:
முதலாவதற்குச் சம்மதம். இரண்டாவதற்கு இல்லை. அறிக்கை வெளியே வரும் என்று தெரிந்தால் எந்தத் தொழில்நுட்ப ஆளும் உண்மை சொல்ல மாட்டான், எல்லோரும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுவார்கள். உண்மை வராவிட்டால் அடுத்த விமானமும் விழும்.

கடற்காற்று:
அதற்கு வழி இருக்கிறது. அமெரிக்க விமானப்படை பெரிய விபத்துகளுக்கு இரண்டு விசாரணை நடத்துகிறது. ஒன்று பாதுகாப்புக்காக, அதில் சொன்னதை வைத்துத் தண்டிக்க முடியாது, வெளியிடுவதும் இல்லை. இன்னொன்று பொதுமக்களுக்கும் குடும்பங்களுக்கும், அது வெளியே வரும். 2017-ல் மிசிசிப்பியில் விழுந்த கேசி-130டி என்ற ராணுவ விமானம் பற்றி நமக்குத் தெரிவதே ராணுவம் வெளியிட்ட விசாரணை அறிக்கையால்தான். 16 பேர். 2011-ல் பிரித்துப் பழுது பார்த்த ஓவர்ஹாலில் ஒரு புரொப்பெல்லர் இதழில் இருந்த துருவை முழுசாக நீக்காமல் மேலே பூச்சு அடித்து அனுப்பியிருக்கிறார்கள். அதிலிருந்து விரிசல் வளர்ந்து, ஆறு வருடம் கழித்து இதழ் கழன்று விமானத்தின் உடலைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது.

நட்டுபோல்ட்:
அதே சி-130 குடும்பத்தில் 2022-ல் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஓவர்ஹால் முடித்து எஞ்சின் ஓட்டிப் பார்க்கும்போது ஒரு புரொப்பெல்லரில் கசிவு நிற்கவே இல்லை. அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடாமல் கழற்றி அனுப்பினார்கள், உள்ளே விரிசல். ஒரே வாரத்தில் சி-130எச் விமானங்கள் 116-ஐ நிறுத்திப் பார்த்தார்கள், யாரும் சாகவில்லை. அன்றைக்கு அந்த ஆட்களுக்குக் கழற்றிப் பார்க்க நேரம் இருந்தது, மாற்றிப் போட ஸ்பேர் இருந்தது, நிறுத்து என்றால் திட்டாத அதிகாரி இருந்தார். வான்வழி, நீங்கள் கேட்கிற மூன்றில் இந்த மூன்றாவது ஆளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு ஸ்பேரை விட அரிதாகக் கிடைத்தது அவர்தான்.