புதுப்பிப்பு: தொலைதூரம் வீடு மாறும்போது வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் பத்திரமாக வந்து சேர்ந்தன

வெகுதூரம் வீடு மாறுகிறோம், வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், புத்தகங்களை லாரியில் எப்படி அனுப்புவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சாமான்கள் வந்து சேர்ந்துவிட்டன.

பெரிதும் கைகொடுத்தது, முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்கு டிரான்சிட் போல்ட் (பயணத்தில் டிரம் ஆடாமல் பூட்டி வைக்கும் போல்ட்) மாட்டச் சொன்ன யோசனைதான். உள்ளே டிரம் ஸ்பிரிங்கில் தொங்குகிறது. பூட்டாமல் ஏற்றினால் வழி முழுக்க ஆடி அடிபடும். மெஷினோடு வந்த போல்ட்கள் கிடைக்காததால், மாடல் எண்ணைச் சொல்லி உதிரிபாகமாக வாங்கினோம். புது வீட்டில் மெஷினை ஓட்டும் முன் அவற்றைக் கழற்றியே ஆக வேண்டும், தயவுசெய்து மறக்காதீர்கள். தண்ணீர்க் குழாய்களில் தேங்கியிருந்ததையும் முன்னதாகவே வடித்துவிட்டோம்.

ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்து, பனி உருகியதும் துடைத்து, நிமிர்த்தியபடியே ஏற்றினோம். இறக்கிய பிறகு சில மணி நேரம் அப்படியே விட்டுத்தான் சுவிட்ச் போட்டோம். நன்றாகக் குளிர்கிறது. புத்தகங்களுக்குச் சின்னப் பெட்டிகள்தான் சரி, ஒன்றுகூடக் கிழியவில்லை.

எதிர்பாராத விஷயம் ஒன்று: பெயின்ட், தின்னர் போன்ற தீப்பற்றும் பொருள்களை ஏற்ற முடியாது என்று லாரியில் மறுத்துவிட்டார்கள். கட்டிய பெட்டிகளைக் கடைசி நேரத்தில் பிரிக்க வேண்டியதாயிற்று. எதையெல்லாம் ஏற்ற மாட்டார்கள் என்று பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், அறையின் பெயரைப் பெட்டியின் பக்கவாட்டில் எழுதுங்கள். அடுக்கிவிட்டால் மேலே எழுதியது தெரியாது.