மில் லாக்ஸ் ஏரி வால்ஐ விதிகள்: புதியவர்களுக்கு எப்படிச் சொல்வது?

மினசோட்டாவில் மீன்பிடிக்கும் நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். கோடையில் எங்கள் வட்டாரத்துக் குடும்பங்கள் சில மில் லாக்ஸ் ஏரிக்குப் போகிறோம். பாதிப் பேர் தூண்டிலைத் தொட்டதே இல்லை. வால்ஐ (walleye) என்ற ஏரிமீனைப் பிடிக்கும் விதிகளைத் தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

எத்தனை அங்குலம், எத்தனை மீன் என்பதைச் சொல்லிவிடலாம். 'ஏன்' என்று கேட்டால்தான் திணறுகிறேன். தண்ணீரில் திருப்பி விட்ட மீனிலும் ஒரு பங்கு செத்துப்போகும், வெயில் ஏறினால் இன்னும் அதிகம். அந்தச் சாவும், ஆண்டுக்கு இவ்வளவு பிடிக்கலாம் என்று மாநிலத்துக்கு ஒதுக்கும் பங்கில்தான் கழிகிறது. 2015 ஆகஸ்டில் வால்ஐ பிடிப்பதைப் பாதியில் நிறுத்தியது, 2016 கோடையில் ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோக விடாதது எல்லாம் இந்தக் கணக்கால் வந்தவை.

உடனே யாராவது, இப்பகுதியின் பூர்வகுடிகளைக் காட்டி, "ஓஜிப்வே மக்கள் மட்டும் வலை போடலாமா?" என்பார்கள். அது 1837இல் அமெரிக்க அரசுடன் அவர்கள் செய்த உடன்படிக்கை தந்த உரிமை. 1999இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. அந்த ஆண்டுகளில் மீன் குறைந்ததற்குப் பெரிய காரணம், குஞ்சுகள் பல பெரிதாகும் முன்பே அழிந்ததுதான். இதைச் சண்டை மூட்டாமல் நாலு வரியில் எப்படி எழுதுவது?

அப்புறம், சீசன் நடுவில் விதி மாறினால் உங்களுக்கு முதலில் எப்படித் தெரியவருகிறது? படகுத்துறைப் பலகையிலா, தூண்டில் கடையிலா, மின்னஞ்சலிலா? தமிழில் யாராவது ஏற்கெனவே எழுதி வைத்திருந்தால் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், புண்ணியமாகப் போகும்.