புதுப்பிப்பு: கண்ணாடி மணியைப் பாதியாக வெட்டும் கருவி

விளக்குச் சுடரில் கையால் செய்த மணிகளைத் துளை வழியே இரு பாதியாக வெட்ட எது நல்லது என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். கல் வெட்டும் சிறிய மேசை ரம்பம்தான் என் முடிவு: 4 அங்குல வைரத் தகடு, ஓரம் முழுவதும் வைரம் படிந்தது, தடிப்பு சுமார் அரை மில்லிமீட்டர். டைல்ஸ் கட்டரின் தகடு 1.5 மில்லிமீட்டருக்கு மேல் தின்றுவிடும். 12 மில்லிமீட்டர் மணியில் அது பெரிய இழப்பு, ஓரமும் சிதறும். சுழலும் கைக்கருவியில் மாட்டும் வைரத் தட்டு ஒன்றிரண்டு மணிக்குப் போதும், ஆனால் வெட்டு கோணலாகும்.

மணியை விரலால் பிடிக்கவே கூடாது. மரத்துண்டில் பள்ளம் தோண்டி அரக்கால் ஒட்டுங்கள். துளையிலும் அரக்கை நிரப்பினால் உள்விளிம்பு உடையாது. அரக்கைச் சூடாக்கும்போது மணியையும் மெல்லச் சூடாக்க வேண்டும். வெட்டும்போது தகட்டின்மேல் தண்ணீர் நிற்காமல் ஓடட்டும். கடைசி 2 மில்லிமீட்டரில் அழுத்தத்தைக் குறையுங்கள். பெரும்பாலும் அங்கேதான் சில்லு பெயர்கிறது.

சூளையில் வைத்துப் படிப்படியாக ஆறவிடாத மணி எந்தத் தகட்டிலும் வெடிக்கக்கூடும். அதற்குக் கருவியைக் குறைசொல்வது நியாயமில்லை.

வெட்டு முகத்தை 220, 400, 600 எண் சிலிக்கான் கார்பைடு பொடியில் (எண் கூடக்கூடப் பொடி நைசாகும்) வரிசையாக ஈரமாகத் தேய்த்து, கண்ணாடிக்கான மெருகுப் பொடியான சீரியம் ஆக்சைடால் மெருகேற்றலாம்.