பாடலாசிரியர் மருதகாசி சேலத்துக்காரரா? ஆத்தூர் கிச்சிலிச் சம்பா நெல் சாட்சி சொல்லுமா?

அஸ்தம்பட்டியான்:
சேலம் ஏற்காடு ரோட்டில் தினமும் பஸ்ஸில் போகிறவன் நான். மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டும்போதெல்லாம் ஒரு எரிச்சல் வரும். நூற்றுக்கும் மேல் படம் எடுத்த இடம். இன்று மிச்சம் அந்த வளைவு மட்டும்தான், உள்ளே வீடுகள். அங்கே உட்கார்ந்து பாட்டெழுதியவர்கள் பெயரை ஒரு பலகையில் எழுதி வைத்தால் என்ன? முதல் பெயர் அ. மருதகாசி. 1949இல் மாயாவதி படத்துக்கு முதல் பாட்டு எழுதியது இங்கேதான். அடுத்த வருடம் மந்திரிகுமாரி. 1956இல் அலிபாபாவும் 40 திருடர்களும், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம், அதற்கும் அவர் பாட்டு. சேலம் இல்லையென்றால் திரைக்கவித் திலகம் மருதகாசி இல்லை. யாராவது மறுக்க முடியுமா?

கொள்ளிடக்கரை:
மறுக்கிறேன். பலகை வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடைசி வரி அநியாயம். 1920இல் அப்போதைய திருச்சி மாவட்டம் மேலக்குடிகாட்டில் பிறந்தவர். படித்தது கும்பகோணம். பாட்டு கற்றுக்கொண்டது பாபநாசம் சிவனின் அண்ணன் தம்பிகளில் ஒருவரான ராஜகோபாலய்யரிடம். நாடகங்களுக்குப் பாட்டெழுதிப் பழகிய பிறகுதான் சேலத்துக்கு வந்தார். வரும்போதே ஆள் தயார். சேலம் கொடுத்தது சம்பளம்.

இன்னொன்று. ஜனங்கள் இன்றும் முணுமுணுக்கிற பாட்டுகளை எடுங்கள். "நீலவண்ணக் கண்ணா வாடா" 1955, மங்கையர் திலகம். "சமரசம் உலாவும் இடமே" 1956, ரம்பையின் காதல். "மணப்பாறை மாடு கட்டி" 1957, மக்களைப் பெற்ற மகராசி. ஒன்றாவது மாடர்ன் தியேட்டர்ஸ் படமா? உங்கள் ஸ்டுடியோவில் அவர் செய்தது மெட்டுக்கு வார்த்தை நிரப்பும் வேலை. அலிபாபாவின் "மாசிலா உண்மைக் காதலே" இந்தி மெட்டு. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

சுருதிப்பெட்டி:
கொள்ளிடக்கரை சார், "வார்த்தை நிரப்பும் வேலை" என்று சொல்லிவிட்டீர்கள். நான் இருபது வருடம் மேடைக் கச்சேரியில் ஆர்மோனியம் வாசித்தவன். அந்த வேலையைச் செய்து பார்த்தவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மெட்டு முன்பே இருக்கிறது. எங்கே நீள வேண்டும், எங்கே குறுக வேண்டும் என்பதை வேறொரு பாஷைக்காரன் முடிவு செய்துவிட்டான். அதில் தமிழை வைக்க வேண்டும். "மாசிலா", நெடிலில் தொடங்கி நெடிலில் முடிகிறது. நடுவே "உண்மைக்", மெல்ல அழுத்தி நகர்கிறது. அப்புறம் "காதலே", மறுபடி நெடில், கடைசி "லே"யில் பாடகர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். ஏ.எம். ராஜா அதை இழுத்து விடும் இடத்தைக் கேளுங்கள். தமிழ் எங்கும் மூச்சுத் திணறவில்லை. மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்து, நாளும் இதே பயிற்சி என்றால் கை பழகத்தானே செய்யும்? பிறகு இசையமைப்பாளர் கே.வி. மகாதேவனோடு சேர்ந்தபோது அந்தப் பழக்கம் எங்கே போயிருக்கும்?

கொள்ளிடக்கரை:
சரி, மெட்டு விஷயத்தில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் கை பழகியது வேறு, ஆள் உருவானது வேறு. மாடு, ஏர், நாற்று, களத்துமேடு எல்லாம் அவர் பிறந்த மண்ணிலிருந்து வந்தவை. சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்தவை அல்ல.

அஸ்தம்பட்டியான்:
இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். "மணப்பாறை மாடு கட்டி" பாட்டில் விதை எங்கிருந்து வருகிறது? "ஆத்தூரு கிச்சிலிச் சம்பா பாத்து வாங்கி". ஆத்தூர் எந்த மாவட்டம் சார்? காவிரிக்கரைக் கவிஞருக்குத் தஞ்சாவூரில் விதைநெல் கிடைக்கவில்லையா?

கொள்ளிடக்கரை:
நல்ல வக்கீல் வாதம்! அது எதுகைங்க. ஆத்தூரு, பாத்து, அடுத்த அடியில் நாத்து. இரண்டாம் எழுத்தைப் பாருங்கள். அந்தப் பாட்டில் ஊர்கள் எல்லாமே ஓசைக்காக வந்தவை. மணப்பாறைக்கு மாயவரம் மோனை. கருதுக்கு மருத ஜில்லா எதுகை. பொதிக்குப் பொள்ளாச்சி. வியாபாரிக்கு விருதுநகர். எந்த விவசாயியாவது மாயவரத்து ஏரைப் பூட்டி, ஆத்தூரில் விதை வாங்கி, மதுரையிலிருந்து ஆள் பிடித்து அறுத்து, பொள்ளாச்சியில் கொண்டுபோய் விற்பானா? வண்டி வாடகையிலேயே குடும்பம் கவிழ்ந்துவிடும்.

வசிஷ்டநதி:
நான் ஆத்தூர்ப் பக்கம். பாட்டு ஆராய்ச்சி எனக்குத் தெரியாது, நெல் தெரியும். மூன்று வருடமாக ஒரு ஏக்கரில் கிச்சிலிச் சம்பா போடுகிறேன். ஆவணியில் நாற்று விட்டால் தையில் அறுப்பு, நாலரை மாதப் பயிர். அரிசி வெள்ளையாக, சன்னமாக இருக்கும். வைக்கோல் மாட்டுக்கு ஆகும்.

அந்த வரியில் நீங்கள் இரண்டு பேரும் விட்ட சொல் "பாத்து வாங்கி". விதைநெல்லைச் சும்மா மூட்டையைப் பார்த்து வாங்க மாட்டோம். ஒரு கைப்பிடி அள்ளி ஊதிப் பார்ப்போம், பதர் எவ்வளவு பறக்கிறது என்று. இரண்டு மணியைக் கடித்துப் பார்ப்போம். வேற்று ரகம் கலந்திருக்கிறதா என்று உள்ளங்கையில் பரப்பிப் பார்ப்போம். வீட்டுக்கு வந்ததும் உப்புத் தண்ணீரில் கோழிமுட்டை மிதக்கும் பதம் வந்த பிறகு நெல்லைக் கொட்டி, மேலே வருவதை அள்ளி வெளியே போடுவோம். முதல் வருடம் நான் பார்க்காமல் வாங்கினேன். கால்வாசி வேறு ரகம், ஒன்று பால் பிடிக்கும்போது இன்னொன்று பழுத்து நின்றது. விற்றவர் பெயர் வேண்டாம், விடுங்கள். எதுகைக்காக வந்த சொல்லோ என்னவோ, ஆனால் எழுதியவர் விதை வாங்கிய ஆள்.

சுருதிப்பெட்டி:
எதுகைதான் காரணம் என்றால் சேத்தூர் போட்டிருக்கலாமே? சேத்தூரு, பாத்து. மெட்டிலும் அச்சாக உட்காரும். ராஜபாளையம் பக்கம் நல்ல நெல் விளைகிற ஊர்தான். ஓசை பத்து ஊரைக் கொண்டு வந்து நிறுத்தும், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது ஆள்தான். மணப்பாறைச் சந்தையில் மாடு, விருதுநகரில் வியாபாரி. எந்த ஊருக்கு எது பேர்போனதோ அதுதான் பாட்டிலும் இருக்கிறது.

மல்லூர் டீச்சர்:
இவ்வளவு பேசுகிறீர்கள், ஒருவராவது கா.மு. ஷெரீப்பைச் சொன்னீர்களா? மந்திரிகுமாரிக்குப் பாட்டெழுதியவர்கள் இரண்டு பேர். "வாராய் நீ வாராய்" யார் எழுதியது என்று கேட்டால் பாதிப் பேர் மருதகாசி என்பார்கள், பாதிப் பேர் ஷெரீப் என்பார்கள். எங்கள் அப்பா டிரங்குப் பெட்டியில் சேர்த்து வைத்த பாட்டுப் புத்தகங்களில் சிலவற்றில் எல்லாக் கவிஞர் பெயரையும் முன்பக்கத்தில் மொத்தமாகப் போட்டிருக்கும், எந்தப் பாட்டு யாருடையது என்று இருக்காது. கலைஞரை மாடர்ன் தியேட்டர்ஸுக்கு அறிமுகம் செய்ததும் ஷெரீப்தான். பலகை வைப்பதானால் இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும் தம்பி.

அஸ்தம்பட்டியான்:
டீச்சரம்மா, ஒத்துக்கொள்கிறேன். விட்டது என் தப்பு.

கொள்ளிடக்கரை:
டீச்சர் சொன்னது நியாயம். வசிஷ்டநதி சொன்னதைப் படித்துவிட்டுப் பாட்டை மறுபடி கேட்டேன். ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் பலம். விதை பார்த்து வாங்கத் தெரிந்தவர் ஊரில் நிலம் பார்த்தவர். சொந்தப் படம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டபோது எங்கே போனார்? சேலத்துக்கா? ஊருக்குப் போய் விவசாயம் பார்த்தார். திரும்பி வந்து 1967இல் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் படத்துக்கு, எம்.ஜி.ஆருக்காக "கடவுள் என்னும் முதலாளி" எழுதினார். வயலில் நின்றவர் எழுதிய பாட்டு அது. ஆத்தூர் நெல்லை அவர் சேலத்தில் இருந்த காலத்தில் அறிந்திருக்கலாம், அந்த அளவுக்கு விட்டுத் தருகிறேன். ஒரு மூட்டை விதை உங்களுடையது. வயல் எங்களுடையது.

அஸ்தம்பட்டியான்:
விதை இல்லாமல் வயலில் என்னங்க அறுப்பீர்கள்?

கொள்ளிடக்கரை:
கோரை.

வசிஷ்டநதி:
சண்டை முடிந்ததா? தை அறுப்புக்கு அப்புறம் விதைநெல் கொஞ்சம் மிஞ்சும். கொள்ளிடக்கரை அய்யாவுக்கு வேண்டுமானால் பத்து கிலோ எடுத்து வைக்கிறேன். நேரில் வந்து பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.